கடைசி முக்குளிப்பு எத்தனை மணிக்கு?

விடுமுறைக்குக் குடும்பத்தோடு பெர்ஹெந்தியான் தீவில் ஸ்கூபா முக்குளிப்பா? பருவமழைக் காலத்தைத் தவிர்ப்பார்கள்; தம்பிக்கு 10 வயது ஆகிவிட்டதா என்றும் பார்ப்பார்கள். திரும்பும் விமானம் எத்தனை மணிக்கு என்பதையும் முக்குளிப்போடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். ஏன் தெரியுமா, மாணவர்களே?

கடல் மட்டத்தில் நம்மீது 1 வளிமண்டல அழுத்தம் உள்ளது. ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் ஏறக்குறைய இன்னொன்று கூடும். 20 மீட்டரில் அது 3. முக்குளிப்பவர் சுவாசிக்கும் காற்றும் அதே அழுத்தத்தில்தான் வரும். அழுத்தம் கூடினால் திரவத்தில் வாயு அதிகம் கரையும். இதுவே ஹென்றி விதி. காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். உடல் அதைப் பயன்படுத்துவதில்லை. இரத்தத்திலும் திசுக்களிலும் அது கரைந்து நிற்கிறது.

கரையேறிய பிறகும் அது முழுமையாக வெளியேறப் பல மணி நேரம் ஆகும். விமான அறையின் அழுத்தமோ, சுமார் 2,000 மீட்டர் மலை உச்சியில் இருப்பதற்குச் சமம். உடனே விமானம் ஏறினால், மூடி திறந்த சோடா போத்தலைப்போல உடலுக்குள் குமிழிகள் உண்டாகலாம். மூட்டுவலி, மரத்துப்போதல், கடுமையானால் பக்கவாதமும் வரலாம்.

ஒரே ஒரு முக்குளிப்பு என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல முறை என்றால் 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது முக்குளிப்பு மருத்துவ வல்லுநர்களின் பரிந்துரை. ஞாயிறு காலை 10 மணிக்குக் கோத்தா பாருவில் விமானமா? சனி மாலை 4 மணிக்குள் கரையேறிவிடுங்கள். காரில் திரும்பினாலும் அன்றே கேமரன் மலைக்கு ஏற வேண்டாம். அங்கும் அழுத்தம் குறைவுதான்.

காத்திருக்கும் நேரத்தில் ஸ்நோர்க்கலோடு மிதந்து மீன்களைப் பாருங்கள். நீர்மட்டத்தில் சுவாசிப்பது சாதாரணக் காற்றே.