தெனாலிக்கு என்ன வருத்தம்?

உளமருத்துவம் படிக்கும் மாணவர்களுக்குத் திரைப்படங்களைக் காட்டி, அதில் வரும் பாத்திரத்துக்கு என்ன நோய் என்று எழுதச் சொல்வது உலகின் பல மருத்துவ பீடங்களில் உள்ள வழக்கம். நோயாளியின் அந்தரங்கம் வெளியே போகாது. ஒரே காட்சியை நான்கு தரம் ஓட்டிப் பார்க்கலாம். பிழையாக எழுதினாலும் ஒருவருக்கும் சேதமில்லை. தமிழில் 'அந்நியன்', '3' போன்ற படங்கள் உடனே நினைவுக்கு வரும். ஆனால் எங்களுடைய ஆள் என்று ஒருவன் இருக்கிறான்: 2000 ஆம் ஆண்டு தீபாவளிக்கு வந்த 'தெனாலி'யின் தெனாலி சோமன். கமல்ஹாசன் யாழ்ப்பாணத் தமிழ் பேசி நடித்த, எதைக் கண்டாலும் பயப்படுகிற இலங்கைத் தமிழன். அந்தப் பேச்சுக்குப் பின்னால் கொழும்பின் அறிவிப்பாளர் பி.எச். அப்துல் ஹமீத்தின் பயிற்சி இருந்தது. படத்திலும் அவர் வருவார்.

நீங்கள் மாணவர் என்று வைத்துக்கொள்வோம். தெனாலி முன்னால் வந்து உட்கார்ந்து பயங்களை அடுக்குகிறான். முதலில் கை போவது 'குறித்த பயக்கோளாறு' என்ற பெட்டிக்கு. ஆனால் அது நாய், உயரம், இரத்தம் என்று ஒன்றிரண்டு பொருள்களோடு நிற்பது. இவனுடையது முடிவில்லாத பட்டியல். அடுத்தது பொதுவான பதகளிப்பு நோய். அதில் மனிதர் ஆறு மாதத்துக்கு மேலாக வேலை, பணம், பிள்ளைகள் என்று அன்றாட விடயங்களைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருப்பார். இதுவும் அரைகுறையாகத்தான் பொருந்துகிறது.

அப்போது படம் ஒரு தடயம் தருகிறது. இந்தப் பயங்களின் வேர் இலங்கையின் போர். மாணவர் நிமிர்ந்து உட்காருவார். நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய். 1980 இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேட்டில் இடம்பிடித்த பெயர். முதலில் உயிராபத்து போன்ற ஒரு நிகழ்வு இருக்கவேண்டும். பிறகு நான்கு வகைக் குணங்குறிகள்: நடந்தது கனவாகவும் காட்சியாகவும் திரும்பத் திரும்ப வருதல், அதை நினைவூட்டும் இடத்தையும் பேச்சையும் தவிர்த்தல், எண்ணமும் உணர்வும் இருண்டு மரத்துப்போதல், எப்போதும் திடுக்கிட்டு விழிப்பாய் இருத்தல். ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, வாழ்க்கையையும் குழப்பவேண்டும்.

தெனாலியில் நான்காவது மட்டும் தாராளமாக இருக்கிறது. இரண்டாவது தலைகீழ். அவன் தன் பயங்களை யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும் சொல்கிறான். போரைக் கண்ட எங்கள் ஆட்களில் அப்படிப் பேசுகிறவர் எத்தனை பேர்? அநேகமானோர் வைத்தியரிடம் போய்ச் சொல்வது நெஞ்சு படபடப்பு, தலையிடி, உடம்பு நோ, நித்திரையில்லை என்பதைத்தான். ஷெல்லையும் பங்கரையும் கடைசிவரை வாயில் எடுக்கமாட்டார்கள். யாழ்ப்பாணத்தில் பல ஆண்டுகள் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம் இதை விரிவாக எழுதியிருக்கிறார். மனக்காயம் உடம்பின் மொழியில்தான் எங்களிடம் வெளியே வருகிறது.

பாத்திரம் ஏன் இப்படி என்பதற்கு விடை நியூயோர்க்கில் இருக்கிறது. 'வட் எபவுட் பொப்' என்ற 1991 ஆம் ஆண்டு அமெரிக்க நகைச்சுவைப் படத்தின் தழுவல் தெனாலி. அங்கே எல்லாவற்றுக்கும் பயந்து, விடுமுறைக்குப் போன மருத்துவரைத் துரத்திச் செல்லும் பொப் எந்தப் போரையும் பார்த்தவனல்ல. அவனுடைய பயம் அப்படியே எடுக்கப்பட்டு, காரணத்துக்கு மட்டும் எங்கள் போர் ஒட்டப்பட்டிருக்கிறது. நோயும் காரணமும் ஒன்றோடொன்று பொருந்தாமல் கிடப்பது அதனால்தான். நேர்மையான மாணவர் 'தகவல் போதாது' என்று எழுதினால் முழுப் புள்ளியும் கொடுக்கலாம்.

சிகிச்சைக்காட்சி இன்னும் விசித்திரம். பொறாமையில் மருத்துவர் அவனைக் கட்டிவைத்துக் குண்டு வைக்கிறார். அவனோ அதையும் வைத்தியம் என்று நம்புகிறான். போரால் பயந்தவன் உடம்பில் குண்டு, தியேட்டரில் சிரிப்பு. பயத்தை நேருக்கு நேர் காணவைக்கும் சிகிச்சை உண்மையிலேயே உண்டு. ஆனால் அது நோயாளியின் சம்மதத்தோடு, பாதுகாப்பான அறையில், படிப்படியாகச் செய்யப்படுவது.

என் வகுப்பில் ஒரு பொடியன் இருந்தான். வன்னியிலிருந்து வந்து கொட்டாஞ்சேனை லொட்ஜ் ஒன்றில் தாயோடு தங்கிப் படித்தவன். கதிரை இழுபட்டாலே எழும்பிவிடுவான், கதவுக்குப் பக்கத்து இருக்கையை ஒருநாளும் விடமாட்டான். தன்னைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. அந்த மருத்துவ மாணவருக்குக் காட்டவேண்டியவன் அவன்.

ஜாக் ஓடியார் இயக்கி, 2015 இல் கான் விழாவில் தங்கப்பனை வென்ற 'தீபன்' அவனுக்குக் கிட்ட வருகிறது. ஷோபாசக்தி நடித்த அந்த மனிதன் பயம் என்று வாய் திறப்பதில்லை. பாரிஸ் புறநகரின் தொடர்மாடிகளுக்கு நடுவில் வெள்ளைக் கோடு போட்டுச் சூடற்ற வலயம் என்று அறிவிக்கிறான். அந்த ஒரு காட்சியில் மீள அனுபவித்தலும் விழிப்பும் சேர்ந்தே தெரிகின்றன.

சரி, சரியான பாத்திரம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொண்டாலும் எனக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. நோயின் பெயரில் 'பிற்பட்ட' என்று ஒரு சொல் இருக்கிறது. எதற்குப் பிற்பட்டது? 2007 ஜூன் 7 ஆம் திகதி விடியற்காலை வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை லொட்ஜ்களிலிருந்த தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் வேறிடங்களுக்கும் அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. அந்த நாட்களில் கதவு தட்டும் சத்தத்துக்கு நெஞ்சு அடித்துக்கொண்டவருக்கு நோயா, சரியான கணிப்பா? 1983 ஜூலையை இதே தெருக்களில் கண்டவருக்கு? காணாமலாக்கப்பட்ட மகனின் படத்தோடு இன்றும் வீதியில் நிற்கும் தாயிடம் 'நிகழ்வு எப்போது முடிந்தது?' என்று மாணவர் கேட்டால், படிவத்தின் அந்தக் கட்டத்தில் எதை எழுதுவார்?

இதனால் நோயே இல்லை என்று ஆகிவிடாது. பயத்துக்கு நியாயமான காரணம் இருந்தவருக்கும் நித்திரை வேண்டும், வேலைக்குப் போகவேண்டும், பிள்ளையைச் சினக்காமல் இருக்கவேண்டும். இவை மாதக்கணக்கில் முடியாமல் போனால், நோயின் பெயர் எதுவானாலும் உதவி தேடுவதுதான் சரி. அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி இலக்கம் 1926. எடுத்தவுடனேயே தமிழில் பேசவேண்டும் என்று சொல்லுங்கள். வைத்தியரிடம் போனால் தலையிடியோடு நிறுத்தாமல், ஷெல் விழுந்த நாளையும் சேர்த்துச் சொல்லுங்கள்.