மூதவையின் தெரிவும் பகுப்பும்

என் பாட்டனார் அக்கரப்பத்தனையிலே ஒரு தோட்டத்தில் கவ்வாத்து வெட்டியவர். எழுத்தறிவு இல்லாதவர். ஆயினும் 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலைப் பற்றிப் பேசத் தொடங்கினால், ஊர்ப் பெயரும் ஆட்பெயரும் ஒன்று விடாமல் வரும். “நாங்க ஏழு பேரை அனுப்பினோம்” என்பார். பின்பு சிறிது மௌனமாயிருந்து, “அடுத்த தேர்தலுக்கு இடாப்பிலே எங்க பேரே இல்லை” என்று முடிப்பார். சிறுவயதிற் கேட்ட அந்த ஏழு என்னும் எண், பிற்காலத்தில் நம் நாட்டு அரசியலமைப்பு வரலாற்றைப் படித்தபோது நான் எதிர்பாராத ஓரிடத்தில் மீண்டும் எதிர்ப்பட்டது. அவ்விடம் இலங்கையின் செனற் சபை, அதாவது மூதவை. அம்மன்றம் மறைந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. இன்றைய மாணவருட் பலர் அதன் பெயரையும் கேட்டிரார். ஆகவே அதன் அங்கத்தவர் எவ்வாறு தெரியப்பட்டனர், எவ்வாறு பகுக்கப்பட்டனர் என்பதை இம்மலரிற் சிறிது விரித்துரைக்கலாமென எண்ணினேன்.

1945இல் வெளிவந்த சோல்பரிக் குழுவின் அறிக்கை, இலங்கைக்கு இரண்டாம் மன்றம் ஒன்று வேண்டுமென விதந்துரைத்தது. அதன்படி 1947இல் மூதவை கூடிற்று. கொழும்புக் கோட்டையிலுள்ள பழைய சட்டநிரூபண சபைக் கட்டடமே அதற்கு இருப்பிடமாயிற்று. இப்பொழுது அங்கே வெளிநாட்டமைச்சு இயங்குகின்றது. முதல் தலைவர் ஸர் ஜெரார்ட் விஜயகோன். அங்கத்தவர் முப்பதின்மர். அவருட் பதினைவரைப் பிரதிநிதிகள் சபை தெரிந்தனுப்பியது. மற்றைப் பதினைவரைப் பிரதம மந்திரியின் ஆலோசனைப்படி மகாதேசாதிபதி நியமித்தார். நியமனம் பெறுவோர் பொதுச்சேவையிற் சிறந்தவராகவோ, கல்வி, சட்டம், வைத்தியம், விஞ்ஞானம், வாணிபம், கமத்தொழில் முதலிய துறைகளில் மேம்பட்டவராகவோ இருத்தல் வேண்டுமென்பது கருத்து. நியமனம் செய்யும் கை அரசியற்கையாதலின், இக்கருத்து எப்பொழுதும் முற்றாக நிறைவேறிற்றென்று சொல்ல எனக்குத் துணிவில்லை. நீதி மந்திரி உட்பட இரு மந்திரிகளேனும் மூதவையிலிருந்து வரவேண்டுமென்ற விதியும் இருந்தது. 1960இல் உலகின் முதற் பெண் பிரதம மந்திரியான ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கா, பொதுத் தேர்தலில் நில்லாமலே இம்மூதவையின் அங்கத்தவராய் அமர்ந்து ஆட்சி நடத்தினார். 1965இல் உள்ளூராட்சி மந்திரியான மு. திருச்செல்வமும் மூதவையின் வழி வந்தவரே.

இனித் தெரிவு முறையைப் பார்ப்போம். பிரதிநிதிகள் சபையில் அப்பொழுது 101 பேர் இருந்தனர். 95 பேர் மக்களால் தெரியப்பட்டவர், 6 பேர் நியமனம் பெற்றவர். இவர்கள் மூதவைக்குரியோரைத் தெரிவு செய்தது பெரும்பான்மை வாக்கினால் அன்று. தனிமாற்று வாக்கு எனப்படும் விகிதாசார முறையினால். வாக்காளர் ஒவ்வொருவருக்கும் ஒரே வாக்குத்தான். ஆனால் வாக்குச்சீட்டில் தாம் விரும்பும் ஒழுங்கில் ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணிடலாம். முதலிடம் கொடுக்கப்பட்டவர் வேண்டிய அளவுக்கு மேல் வாக்குப் பெற்றுவிட்டால், மிகுதி இரண்டாம் இடத்தவருக்குச் செல்லும். மிகக் குறைந்த வாக்குப் பெற்றவர் நீக்கப்படும்போது அவருடைய சீட்டுக்களும் அவ்வாறே பிறருக்குப் பெயர்க்கப்படும். ஆதலின் ஒருவருடைய வாக்கு வீணாவது அரிது.

‘வேண்டிய அளவு’ என்பது யாது? மொத்த வாக்குகளை, நிரப்பவேண்டிய இடங்களின் தொகையோடு ஒன்று கூட்டி வரும் எண்ணாற் பிரித்து, ஈவுக்கு மேலாக வரும் முதல் முழு எண்ணைக் கொள்ளவேண்டும். பதினைந்து இடங்களுக்கு 101 பேரும் வாக்களித்தாரெனக் கொள்வோம். 101ஐப் பதினாறாற் பிரித்தால் ஆறேகால் சொச்சம் வரும், எனவே ஏழு. இதனைக் கணக்கு வாய்பாடாக மட்டும் ஏற்றுக்கொள்ள விரும்பாத மாணவர் இப்படிச் சோதித்துப் பார்க்கலாம். ஏழு வாக்குப் பெற்ற ஒருவரை வெளியே நிறுத்தவேண்டுமாயின், வேறு பதினைவர் ஆளுக்கு ஏழு வாக்காவது பெறவேண்டும். அதற்கு 105 வாக்குகள் தேவை. ஆனால் அவருடைய ஏழு போக எஞ்சுவன 94 தானே! ஆகவே ஏழு பேர் ஒருமனப்பட்டால், எஞ்சிய 94 பேரும் எதிர்த்து நின்றாலும், மூதவைக்கு ஒருவரை அனுப்பிவிடலாம்.

பாட்டனார் சொன்ன ஏழு இதுதான். 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் மலைநாட்டிலிருந்து வென்றவர் எழுவர்: நுவரெலியாவில் சௌ. தொண்டமான், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் குமாரவேலு, நாவலப்பிட்டியில் இராஜலிங்கம், மஸ்கெலியாவில் மோத்தா, பதுளையில் சுப்பையா, அளுத்நுவரையில் இராமானுஜம். தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளரின் வாக்கு, கீழ்ச்சபையில் ஏழு இடங்களையும், அவ்வேழின் மூலம் மேற்சபையில் ஓரிடத்தையும் கோரும் வலிமை உடையதாயிருந்தது. மலைநாட்டார் இடம்பெற்ற மன்றம் இது என்பதற்குப் பெரி சுந்தரமே சான்று. 1931இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்று, தொழில், கைத்தொழில், வாணிப மந்திரியாயிருந்த அப்பெரியார், பின்னர் மூதவையிலும் அமர்ந்தார்.

இதுவரை சொன்னது தெரிவு. பகுப்பு என்பது வேறு. என் எண்ணத்தில் அதுவே கூர்ந்து நோக்கத்தக்கது.

மூதவை கலைக்கப்படுவதில்லை. அங்கத்தவரின் பதவிக்காலம் ஆறாண்டு. இரண்டாண்டுக்கொரு முறை மூன்றிலொரு பங்கினர் விலகுவர். ஆனால் முதன்முதலில் முப்பதின்மரும் ஒரே வேளையில் வந்தவராதலின், யார் இரண்டாண்டில் விலகுவது, யார் நான்காண்டில், யார் ஆறாண்டில் என்று தீர்க்கவேண்டியிருந்தது. அதற்குத் திருவுளச்சீட்டுப் போட்டனர். தெரியப்பட்டோர் ஐவரும் நியமனம் பெற்றோர் ஐவருமாகப் பத்துப்பேர் கொண்ட மூன்று கூறுகள் அமைந்தன. அதன்பின் சக்கரம் தானே சுழலும். இது நம்மவர் கண்டுபிடித்ததன்று. அமெரிக்க மூதவை 1789இலேயே சீட்டுப் போட்டுத் தன்னை மூன்று கூறாக்கிக்கொண்டது. ஒரே மாநிலத்தவர் இருவர் ஒரே கூறில் விழாதவாறு பார்த்துக்கொண்டது. இந்தியாவின் மாநிலங்களவையும் 1952இல் தோன்றியபோது இதே முறையைக் கைக்கொண்டது.

சீட்டென்றதும் தமிழர்க்கு உத்தரமேரூர் நினைவுக்கு வருதல் இயல்பே. முதலாம் பராந்தக சோழன் காலத்து 921ஆம் ஆண்டுச் சாசனம், முப்பது குடும்புகளிலிருந்து ஆளுக்கொருவராகக் குடவோலை எடுத்து, பன்னிருவரைச் சம்வற்சர வாரியத்துக்கும், பன்னிருவரைத் தோட்ட வாரியத்துக்கும், அறுவரை ஏரி வாரியத்துக்குமாகப் பகுத்ததைக் கூறுகின்றது. முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவரே அங்கு தகுதியுடையோர். நம் மூதவைக்கும் முப்பத்தைந்து என்பதே வயதெல்லை. முப்பதும் முப்பத்தைந்தும் ஒத்துவருவது தற்செயலே. சோல்பரிப் பிரபு உத்தரமேரூருக்குப் போய்வந்தவரென்று எவரும் எழுதிவிட வேண்டாம்! அங்கே ஓலை ஆளையே தெரிந்தது; இங்கே சீட்டு அவர் எத்தனையாண்டு இருப்பார் என்பதை மட்டும் தீர்த்தது.

ஆனால் இந்தப் பகுப்பு வெறும் ஒழுங்குமுறையென்று தோன்றினாலும், அதனுள்ளே ஒரு பெரிய மாற்றம் ஒளிந்திருக்கின்றது. முதல் தெரிவில் நிரப்பவேண்டிய இடம் பதினைந்து. இரண்டாண்டு கழிந்ததும் நிரப்பவேண்டியது ஐந்தே. 101ஐ ஆறாற் பிரித்துப் பாருங்கள்: பதினாறு முக்கால் சொச்சம், எனவே பதினேழு வாக்கு வேண்டும்! சபையும் அதுவே, சட்டமும் அதுவே, வாக்கு முறையும் அதுவே. ஆயினும் 1947இல் ஏழு பேருக்குத் திறந்த கதவு, 1949இல் பதினேழு பேர் சேர்ந்து தள்ளினாலன்றித் திறவாது. இடையில் ஒருவர் இறந்தோ விலகியோ ஓரிடம் மட்டும் வெற்றாகுமாயின், பாதிக்கு மேற்பட்டோர் வேண்டும். 1960இல் பிரதிநிதிகள் சபை 157 பேராகப் பெருகியபின், ஐந்து இடங்களுக்கு வேண்டிய அளவு இருபத்தேழாயிற்று. விகிதாசாரம் என்ற பெயர் மாறவில்லை. ஆனால் இடங்களைச் சிறுசிறு கூறாக்கும்தோறும் சிறுபான்மையோர் பிடி தளர்ந்துகொண்டே போகும்.

இந்தியாவிலும் இதனைக் காணலாம். மாநிலங்களவையில் தமிழ்நாட்டுக்கு உரியவை 18 இடங்கள். இரண்டாண்டுக்கு ஆறாக நிரப்பப்படுகின்றன. 234 பேர் கொண்ட சட்டசபையில் ஓரிடத்துக்கு 34 வாக்கு வேண்டும். பதினெட்டையும் ஒருங்கே நிரப்புவதாயின் பதின்மூன்றே போதும். அங்குள்ள சிறு கட்சிகள் பெருங் கட்சிகளின் வாசலில் ஏன் காத்துநிற்கின்றன என்பதற்கு இக்கணக்கும் ஒரு காரணம்.

பெரும்பான்மைக் கட்சிக்கோ இப்பகுப்பு வேறு விதமாகப் பயன்பட்டது. சபையில் அறுபது பேரைக் கொண்ட ஓர் அரசாங்கத்தை எடுத்துக்கொள்வோம். ஐந்து இடங்களில் மூன்று அதற்கு உறுதி; நியமன இடங்கள் ஐந்தும் பிரதம மந்திரியின் ஆலோசனைப்படியே. ஆக, ஒவ்வொரு சுற்றிலும் பத்தில் எட்டு. இரண்டு சுற்று முடிந்தால் முப்பதிற் பதினாறு! புதிய அரசாங்கம் முதலாண்டுகளில் பழைய அரசாங்கத்தின் ஆட்களோடு மல்லுக்கு நிற்கவேண்டியிருக்கும். பின்னர் மூதவை அதன் நிழலாகிவிடும். தடுக்க நினைத்தாலும் மூதவைக்கு ஆற்றல் குறைவு. பண மசோதாவை ஒரு மாதமே தாமதப்படுத்தலாம். ஏனைய மசோதாக்களைக் கீழ்ச்சபை அடுத்தடுத்த இரு கூட்டத்தொடர்களில் நிறைவேற்றினால் மூதவையின் இசைவின்றியே சட்டமாகும்.

இவ்வாறான மன்றம் மலைநாட்டாருக்குக் காவலாக நின்றதா? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டமும், அவற்றைத் தொடர்ந்து வாக்குரிமையைப் பறித்த அவ்வாண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டமும் இரு மன்றங்களையும் கடந்தே சட்டமாயின. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸுக்கு ஓரிடமேனும் கிடைக்கவில்லை. கீழ்ச்சபையில் ஏழு பூச்சியமானதும் மேற்சபையில் அவர்கள் கோரக்கூடிய பங்கும் பூச்சியமாயிற்று. ஒரு மன்றம் மற்றொரு மன்றத்தைத் தெரிவு செய்யும் முறையின் வலுவின்மை இங்கேதான் வெளிப்படுகின்றது. அடியில் வேரறுந்தால் நுனிக்கு நீர் ஏறாது. அதன்பின் எஞ்சியது நியமனம் என்னும் சிறு கதவே. தொண்டமான் 1960இலும் 1965இலும் பிரதிநிதிகள் சபைக்குள் நுழைந்தது நியமன அங்கத்தவராகத்தான். தேர்தலில் வென்று அவர் மீண்டும் பாராளுமன்றம் புகுந்தது 1977இல். மூவரைத் தெரியும் நுவரெலியா மஸ்கெலியாத் தொகுதியின் மூன்றாம் அங்கத்தவராக. இடைப்பட்டது முப்பதாண்டு. அத்தேர்தல் நடந்தபோது என் பாட்டனார் உயிரோடில்லை.

மூதவை அதற்கு முன்பே மறைந்துவிட்டது. சோல்பரி அரசியலமைப்பின் எட்டாந் திருத்தத்தினால் 1971 ஒக்டோபர் 2ஆம் நாள் அது ஒழிக்கப்பட்டது. கடைசித் தலைவர் ஏ. இரத்நாயக்கா. அதற்காகக் கண்ணீர் விட்டவர் அதிகமில்லை. 1972இலும் 1978இலும் வந்த அரசியலமைப்புக்கள் ஒரே மன்றத்தோடு நின்றன. 1988முதல் 225 பேரில் 29 பேரைத் தேசியப் பட்டியலின் வழி அனுப்பும் ஏற்பாடு இருக்கின்றது. அறிஞரையும் அனுபவசாலிகளையும் தேர்தற் களத்தின் புழுதி படாமற் கொண்டுவருதல் என்ற பழைய மூதவைக் கருத்தின் எச்சமே அது. பட்டியலைத் திறந்து பார்த்தால் பலவேளை தேர்தலிற் புழுதி தின்று தோற்றவரே அமர்ந்திருப்பர் என்பது வேறு கதை.

இரண்டாம் மன்றம் என்ற பேச்சு முற்றாக ஓய்ந்துவிடவில்லை. 2017 செப்டெம்பரில் வெளிவந்த அரசியலமைப்பு வழிப்படுத்தற் குழுவின் இடைக்கால அறிக்கை, 55 பேர் கொண்ட இரண்டாம் மன்றம் ஒன்றை முன்வைத்தது. ஒன்பது மாகாண சபைகளும் தனிமாற்று வாக்கின் மூலம் ஐந்தைந்து பேரை அனுப்ப, எஞ்சிய பதின்மரைப் பாராளுமன்றம் தெரியவேண்டும் என்பது அதன் ஏற்பாடு. அது சட்டமாகவில்லை. மீண்டும் எவரேனும் அதனைக் கையிலெடுப்பாராயின், மலைநாட்டு இளைஞர் முதலிற் கேட்கவேண்டியது அம்மன்றத்தின் பெயரையோ கட்டடத்தையோ அன்று. மத்திய மாகாண சபையில் இருந்தவை 58 இடங்கள். ஐவரையும் ஒரே நாளில் தெரிவதாயின், பத்துப்பேர் ஒருமனப்பட்டால் ஓரிடம் உறுதி. பகுத்துப் பகுத்து ஒவ்வொருவராகத் தெரிவதாயின், முப்பதின்மர் வேண்டும்.