நாவல் பழத்தின் நிறம்தான் விலை!

‘நாவல் பழத்திலிருந்து ஆன்டிஆக்ஸிடன்ட் பிரித்து விற்றால் நல்ல காசு என்கிறார்களே, வீட்டிலேயே செய்ய முடியுமா?’ என்று மீஞ்சூர், காட்டுப்பள்ளி பக்கமிருந்து கேட்டிருக்கிறார்கள். கடல்நீர் உட்புகுந்து பல கிணறுகள் உப்பாகிப்போன வட்டாரம் அது. களர் மண்ணையும் தண்ணீர் தேங்குவதையும் ஓரளவு தாங்குகிற மரம் நாவல். கேள்வி நியாயமானதுதான்.

பழம் தின்றால் நாக்கில் ஒட்டுகிற ஊதா நிறத்துக்கு ஆந்தோசயனின் என்று பெயர். காற்றுப் பட்டு எண்ணெய் சிக்கு வாடை அடிக்கிறதே, அந்த மாதிரிக் கெடுதலைத் தடுக்கும் பொருள்களைத்தான் ஆன்டிஆக்ஸிடன்ட் என்கிறார்கள். நாவலின் தோலிலும் சதையிலும் அந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது இந்த நிறமே.

ஆலைகளில், சிறிது சிட்ரிக் அமிலம் சேர்த்த எரிசாராயமும் தண்ணீரும் கலந்த கலவையில் பழக்கூழை ஊறவைத்து வடிகட்டுகிறார்கள். பிறகு வெற்றிடக் கலனில், குறைந்த சூட்டிலேயே சாராயத்தை ஆவியாக்கி மீட்டுவிட்டு, மிஞ்சும் சாற்றைத் தூளாக்குகிறார்கள். இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். சாராய ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். உரிமம் இல்லாமல் எரிசாராயம் வைத்திருந்தால் மதுவிலக்கு வழக்கும் வரும்.

அதற்காகச் சோர்ந்துவிட வேண்டியதில்லை. ஆலைக்குப் போகும் முன்பே நிறம் பாழாகத் தொடங்கிவிடுகிறது. அதைக் காப்பாற்றுவது நம் கையில் இருக்கிறது. பறித்த நாவல் சாதாரண வெப்பத்தில் 2 நாள் தாங்கினால் அதிகம். மரத்தடியில் வலை கட்டி, நன்றாகக் கறுத்த பழத்தை மட்டும் சேகரியுங்கள். மணலில் விழுந்து உடைந்தது ஜூஸுக்கும் உதவாது. அன்றே கழுவி, கொட்டை நீக்கி, தோலோடு கூழாக்கி, எவர்சில்வர் பாத்திரத்தில் 60 முதல் 65 டிகிரி சூட்டில் சுமார் 10 நிமிடம் வையுங்கள். தோலிலுள்ள நிறம் சாற்றில் இறங்கிவிடும். கொதிக்கவிட்டால் பழுப்பாகிவிடும். இரும்புச் சட்டி கூடவே கூடாது, நிறம் கெட்டுப்போகும். கொஞ்சம் எலுமிச்சைச் சாறு சேர்த்தால் நிறம் நிலைக்கும். பிறகு மெல்லிய தகடாகப் பரப்பி, 50 டிகிரிக்கு மேல் போகாமல், நேர் வெயில் படாமல் உலர்த்த வேண்டும். பழத்தில் 80 சதவிகிதத்துக்கு மேல் தண்ணீர்தான் என்பதால், 10 கிலோ கூழுக்கு 2 கிலோ தூள்கூடத் தேறாது. விலை பேசும்போது இந்தக் கணக்கு நினைவில் இருக்கட்டும்.

நிறம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஆய்வகம் வேண்டாம். தூளைத் தண்ணீரில் கரைத்து எலுமிச்சை பிழிந்தால் பளிச்சென்று சிவக்க வேண்டும். சோப்புத் தண்ணீர் விட்டால் நீலமோ பச்சையோ ஆக வேண்டும். எதற்கும் அசையாமல் பழுப்பாகவே நின்றால், சூட்டில் போய்விட்டது என்று அர்த்தம்.

காட்டுப்பள்ளிக்காரர்களுக்கு இன்னொரு விஷயம் முக்கியம். அனல்மின் சாம்பலும் லாரிப் புழுதியும் அங்கே பழைய தொல்லை. சாற்றை அடர்த்தியாக்கும்போது நிறம் மட்டும் அடர்த்தியாவதில்லை. பழத்தோடு வந்த ஈயம் போன்றவையும் சேர்ந்தே அடர்த்தியாகும். விவரம் தெரிந்த கம்பெனி முதலில் கேட்பது அந்தப் பரிசோதனைச் சான்றைத்தான். எனவே சாலையோர மரத்தை விட்டுவிடுங்கள். முதலில் சிறிதளவு தூளைக் கன உலோகப் பரிசோதனைக்கு அனுப்பி, தேறினால் மட்டும் உலர்த்தி வாங்குங்கள். மண் கெட்டிருந்தால் எத்தனை முறை கழுவினாலும் பயனில்லை.

கொட்டையை எறியாதீர்கள். காலிக் அமிலமும் எலாஜிக் அமிலமும் அதில் உண்டு. நிழலில் காய்ந்தால் மாதக்கணக்கில் கெடாது, சித்த மருந்து செய்வோர் வாங்குகிறார்கள். கொட்டைத்தூளை நம்பிச் சர்க்கரை மாத்திரையை மட்டும் நிறுத்திவிட வேண்டாம்.

பயிற்சிக்குத் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தையும், தஞ்சாவூரிலுள்ள மத்திய உணவு பதப்படுத்தும் கல்வி நிறுவனத்தையும் கேட்கலாம். சிறு உணவுத் தொழில்களுக்காக 2020-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் 35 சதவிகிதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியம் தந்தார்கள். இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். ஜூனில் பழம் கறுக்கத் தொடங்கிவிடும். வாங்குபவரிடம் மாதிரி கொடுத்துப் பேசுவதை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.