பளபளப்பை மட்டும் நம்ப வேண்டாம்

உலோகத்துக்குப் பள்ளிப் பாடம் சொல்லும் அடையாளங்கள் எளிமையானவை. பளபளக்கும், அடித்தால் தகடாகும், இழுத்தால் கம்பியாகும், வெப்பத்தையும் மின்சாரத்தையும் கடத்தும். அலோகம் மங்கலாக இருக்கும், அடித்தால் பொடியாகும், மின்சாரத்தைக் கடத்தாது. செம்பையும் கந்தகத்தையும் அருகருகே வைத்தால் இந்தப் பட்டியல் பிசகாது. மற்ற தனிமங்களிடம் போனால்தான் தடுமாறுகிறது.

சோடியம் உலோகம்தான், ஆனால் கத்தியால் வெட்டலாம், தண்ணீரில் போட்டால் மிதந்தபடியே சீறும். காலியம் என்ற உலோகம் 30 டிகிரி செல்சியஸை எட்டுவதற்குள் உருகிவிடும். உள்ளங்கைச் சூடே அதற்குப் போதும். அயோடின் அலோகம், அதன் படிகங்களோ உலோகம்போல் மினுங்குகின்றன. கார்பன் இன்னும் வியப்பானது. கிராஃபைட்டாக இருக்கையில் மின்சாரத்தைக் கடத்துகிறது. அதே கார்பன் வைரமாக இருக்கையில் மின்சாரத்தைத் தடுத்துவிட்டு, வெப்பத்தைச் செம்பைவிட நன்றாகக் கடத்துகிறது.

உலோகம், அலோகம் இரண்டுக்கும் நடுவே நிற்கும் உலோகப்போலிகளை எப்படி அடையாளம் காண்பது? போரான், சிலிக்கான், ஜெர்மானியம், ஆர்சனிக், ஆன்டிமனி, டெல்லூரியம் ஆகிய ஆறையும் பொதுவாக இந்த வகையில் சேர்க்கிறார்கள். இவற்றில் ஜெர்மானியத்தின் வரலாறு சொல்லத் தக்கது.

1871-ல் ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவ், தம் தனிம அட்டவணையில் சிலிக்கானுக்குக் கீழே ஓர் இடம் காலியாக இருப்பதைக் கண்டார். அங்கே வரவேண்டிய தனிமத்தின் அணு எடை சுமார் 72, அடர்த்தி சுமார் 5.5, நிறம் சாம்பல் என்று, பிறக்காத பிள்ளைக்கு ஜாதகம் எழுதுவதுபோல் எழுதிவைத்தார். 1886-ல் ஜெர்மனியின் ஃப்ரைபெர்க் நகரில் கிளெமென்ஸ் விங்க்லர், அருகிலிருந்த சுரங்கத்தில் கிடைத்த புதிய வெள்ளித் தாது ஒன்றைப் பகுத்துப் பார்த்தார். தெரிந்த தனிமங்களையெல்லாம் கூட்டியும் சுமார் 7 சதவீதம் கணக்கில் வரவில்லை. அந்த 7 சதவீதத்தை விடாமல் துரத்தியதில் அகப்பட்டதுதான் ஜெர்மானியம். அதன் அணு எடை 72.6, அடர்த்தி 5.3.

பார்த்தால் உலோகம்போலவே மின்னும். சுத்தியலால் தட்டினால் நொறுங்கிப்போகும். மின்சாரத்தைக் கடத்தும், ஆனால் அரைகுறையாக. அதனால் மட்டமான உலோகம் என்றே அதைப் பல ஆண்டுகள் எண்ணியிருந்தார்கள்.

அதன் இயல்பைக் காட்டிக்கொடுப்பது சூடு. செம்புக் கம்பியைச் சூடாக்கினால் அது மின்சாரத்தைக் கடத்தும் திறன் குறைகிறது. உலோகத்தில் கட்டற்று ஓடும் எலக்ட்ரான்கள் ஏற்கெனவே ஏராளம். சூட்டில் அதிரும் அணுக்கள் அவற்றின் ஓட்டத்துக்கு இடைஞ்சலாகின்றன. தூய ஜெர்மானியத்திலோ சிலிக்கானிலோ பெரும்பாலான எலக்ட்ரான்கள் அணுக்களுக்கிடையே கட்டுண்டு கிடக்கின்றன. சூடேறினால் சில விடுபடும்; கடத்தும் திறன் கூடும். இந்தத் தலைகீழ் நடத்தையை 1833-லேயே மைக்கேல் ஃபாரடே வெள்ளி சல்ஃபைடு என்ற சேர்மத்தில் கண்டிருந்தார். காரணம் விளங்க இருபதாம் நூற்றாண்டின் குவாண்டம் இயற்பியல் வரவேண்டியிருந்தது.

இந்தச் சோதனையும் எல்லாவற்றுக்கும் பொருந்திவிடாது. ஆர்சனிக்கும் ஆன்டிமனியும் இதில் உலோகத்தின் பக்கம் சாய்கின்றன. நொறுங்கும் தன்மையாலும் வேதிவினைகளாலும்தான் அவை நடுவில் வைக்கப்பட்டிருக்கின்றன.

அரைகுறை என்று கருதிய குணமே பிறகு பெருஞ்செல்வமானது. பத்து லட்சம் சிலிக்கான் அணுக்களுக்கு நடுவே ஒரே ஒரு பாஸ்பரஸ் அணுவைக் கலந்தால், கடத்தும் திறன் லட்சம் மடங்குக்கும் மேல் ஏறுகிறது. செம்பிடம் இந்த வித்தை பலிக்காது. 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பார்டீனும் பிராட்டைனும் செய்த முதல் டிரான்சிஸ்டர் ஜெர்மானியத்தால் ஆனது. வெப்பத்தை இன்னும் நன்றாகத் தாங்கும் சிலிக்கான் பிறகு அந்த இடத்தைப் பிடித்தது. ஆனாலும் ஜெர்மானியத்துக்கு வேலை போகவில்லை. நம் கண்ணுக்கு ஒளி புகாத அந்தச் சாம்பல் நிறத் துண்டின் வழியே அகச்சிவப்புக் கதிர் ஊடுருவிச் செல்லும். வெப்பத்தைப் படம்பிடிக்கும் கேமராக்களின் லென்ஸ்கள் பலவற்றை அதில் செய்கிறார்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இரண்டு பேட்டரி செல்கள், ஒரு டார்ச் பல்பு, கொஞ்சம் ஒயர், இருமுனையும் சீவிய ஒரு பென்சில் ஆகியவற்றை வகுப்புக்குக் கொண்டுசெல்லுங்கள். பென்சிலுக்குள் கிராஃபைட்டாக இருக்கும் அலோகமான கார்பன் வழியே மின்சாரம் பாய்வதை முதலில் காட்டிவிட்டு, அதன்பிறகு அந்தப் பண்புப் பட்டியலைக் கரும்பலகையில் எழுதுங்கள்.