குடலுக்குள் ஓடும் 9 லிட்டர்

2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் தயாரிக்கும் பெண்களில் 250-க்கும் மேற்பட்டோர் விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் சிகிச்சை பெற்றார்கள். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சக தொழிலாளிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தங்கள் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. ஒரு வேளைச் சாப்பாடு உடம்பை இப்படிச் சாய்ப்பது எப்படி?

செரிமானம் என்றதும் சோறு கரைவதைத்தான் நினைக்கிறோம். எனக்கு அதைவிட வியப்பு, குடலின் தண்ணீர்க் கணக்கு. நாம் ஒரு நாளில் குடிப்பது சுமார் 2 லிட்டர். உமிழ்நீர், இரைப்பைநீர், பித்தநீர், கணையநீர், குடல்நீர் என்று உடம்பே சுரந்து ஊற்றுவது இன்னும் 7 லிட்டர். இந்த 9 லிட்டரில் மலத்தோடு போவது ஏறக்குறைய 200 மில்லிதான். மீதி முழுவதையும், பெரும்பாலும் சிறுகுடலிலும் மிச்சத்தைப் பெருங்குடலிலும், உடம்பு திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது.

கெட்டுப்போன உணவு குலைப்பது இந்தக் கணக்கைத்தான். இரைப்பை அமிலம் கிருமிகள் பலவற்றைக் கொன்றுவிடும், ஆனால் சில நச்சுகளை அதனால் அழிக்க முடியாது. வடித்த சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா பெருகும். அது சுரக்கும் வாந்தி நச்சு, சோற்றை மறுபடி சூடாக்கினாலும் அழியாது. நச்சு சேர்ந்ததும் வேகஸ் நரம்பு மூளைத்தண்டுக்குச் சேதி சொல்கிறது, வாந்தி வருகிறது. வேறு சில கிருமிகளின் நச்சோ, குடல் சுவரையே உப்பும் நீரும் கொட்ட வைக்கிறது. அதுதான் பேதி.

அப்போதும் ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. சிறுகுடல் செல் குளுக்கோஸை எடுக்கும்போது சோடியத்தையும் சேர்த்து எடுக்கும். பின்னாலேயே தண்ணீரும் போகும். குளுக்கோஸும் சோடியமும் இப்படிச் சேர்ந்து போவது, உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் 1960-ல் முன்வைத்த விளக்கம். 1971-ல், வங்கதேச அகதிகள் குவிந்த மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டிருந்தது. மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தே ஏராளமான உயிர்களைக் காப்பாற்றினார். இன்று எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும் ஓஆர்எஸ் பொட்டலம் அந்த வழியில் வந்தது.

ஆலையில் ஷிப்ட் முடிந்து வரும் பெண்ணுக்கு விடுதி போடும் சோற்றை விட்டால் வேறு வழியில்லை. அதனால் ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரையுள்ள ஒவ்வொரு விடுதியிலும் சோறு சூடு ஆறாமல் பரிமாறப்பட வேண்டும். ஓஆர்எஸ் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பொட்டலம் இல்லையென்றால், காய்ச்சி ஆற்றிய ஒரு லிட்டர் நீரில் மட்டமாக 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. குடித்ததும் வாந்தி வந்தால் 10 நிமிடம் பொறுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். பேதியில் ரத்தம் வந்தாலோ சிறுநீர் நின்றுபோனாலோ உடனே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.