இறப்புச் சான்று: பட்டா மாற்றத்துக்கு முதல் தாள்

உங்க நிலத்துப் பட்டாவில் இன்னும் அப்பா பேரோ தாத்தா பேரோதான் இருக்கிறதா? நம் ஊர்களில் இது சகஜம். நாமதானே உழுகிறோம், யார் வந்து கேட்கப் போறாங்க என்று விட்டுவிடுகிறோம். ஆனால் கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடன், பயிர்க் காப்பீடு, வெள்ள நிவாரணம், அங்ககச் சான்று என்று எதற்குப் போனாலும் பட்டா, சிட்டாவைத்தான் கேட்கிறார்கள். பட்டாவில் பேர் மாற வாரிசுச் சான்று வேண்டும். அதை வாங்க இறப்புச் சான்று வேண்டும். ஆக, எல்லாத்துக்கும் முதல் தாள் அதுதான்.

எங்கே வாங்குவது? இதில்தான் பலபேர் அலைகிறார்கள். இறந்த இடத்தில்தான் இறப்பு பதிவாகும், குடியிருந்த ஊரில் அல்ல. திருவையாறு பக்கத்துக் கிராமத்துக்காரர் வீட்டிலேயே இறந்தால் வி.ஏ.ஓ.விடம் பதிவு. அவரே தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இறந்திருந்தால் பதிவு தஞ்சாவூரில்தான் இருக்கும். ஊர் வி.ஏ.ஓ.விடம் நடையாய் நடந்தும் பயன் இல்லை. கிராமத்தின் பழைய பதிவேடுகள் தாலுகா அலுவலகத்திலோ சார்பதிவாளர் அலுவலகத்திலோ இருக்கும்.

1969-ஆம் ஆண்டு பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி 21 நாளுக்குள் தகவல் சொன்னால் கட்டணம் இல்லை. தகவல் கொடுத்தவருக்கு ஒரு சான்று இலவசம். பிறகு எத்தனை நகல் வேண்டுமானாலும் கட்டணம் கட்டி வாங்கலாம். பதிவாளர் கையெழுத்தும் முத்திரையும் உள்ள நகல்தான் சான்று நகல். கோர்ட்டிலும் அது செல்லும். ஜெராக்ஸை நம்பிப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வங்கி, சங்கம், தாலுகா, பம்புசெட் மின் இணைப்பு, இன்சூரன்ஸ் என்று கணக்குப் போட்டு ஐந்தாறு நகலாவது வாங்கி வையுங்கள்.

தாத்தா இறந்த வருஷம் தெரியவில்லையா? வீட்டில் பழைய காரியப் பத்திரிகை இருக்கிறதா என்று தேடுங்கள். வருஷம் தெரிந்தால் பதிவேட்டில் தேடுவது சுலபம். பதிவே இல்லை என்றால், ‘பதிவு இல்லை’ என்று எழுத்தில் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். இறந்து ஒரு வருஷம் தாண்டியிருந்தால் கோட்டாட்சியர் உத்தரவு பெற்றுத்தான் புதிதாகப் பதிய முடியும்.

சான்று கைக்கு வந்ததும் பேரைப் பட்டாவோடு ஒத்துப் பாருங்கள். பட்டாவில் ‘கருப்பன்’, சான்றில் ‘கருப்பையா’ என்றிருந்தால் தாலுகாவில் நிறுத்திவிடுவார்கள். இனிஷியல், தகப்பனார் பேர், தேதி எல்லாம் பாருங்கள். பிழை இருந்தால் ஆதாரம் காட்டித் திருத்தச் சட்டத்தில் வழி உண்டு.

இன்னொன்று. இறப்புச் சான்றில் இறந்த காரணம் போட மாட்டார்கள், சட்டமே அப்படி. பாம்பு கடித்தோ, மோட்டார் கொட்டகையில் கரண்ட் அடித்தோ இறந்தவர் குடும்பம் நிவாரணம் கேட்க வேண்டுமானால், போலீஸ் முதல் தகவல் அறிக்கையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் தனியாக வேண்டும். ‘உடம்பை அறுக்க வேண்டாம்’ என்று அன்றைக்கு மறுத்துவிட்டால் பிறகு காரணத்தை நிரூபிப்பது கஷ்டம்.

எழவு வீட்டில் தாளைப் பற்றிப் பேசுவது சங்கடம்தான். பங்காளிகளில் யாராவது ஒருத்தர் பொறுப்பெடுத்து, பதினாறாம் நாள் காரியத்துக்குள் பதிவு முடிந்ததா என்று கேட்டுவிட்டால் போதும். சட்டம் தரும் 21 நாளில் இன்னும் ஐந்து நாள் மிச்சம் இருக்கும்.