கைத்துப்பாக்கியும் கட்டுப்பட்ட விரலும்



0.8 மில்லி மீட்டர் என்பது எவ்வளவு பெரிய தூரம்? செம்பரம்பாக்கத்திலிருந்தும் அதன் சுற்றுவட்டாரத்திலிருந்தும் இருங்காட்டுக்கோட்டைக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்திற்கும் நாள்தோறும் ஷிப்டு வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். வெர்னியரையும் மைக்ரோமீட்டரையும் கையாண்டு பழகிய அவர்கள், "அவ்வளவு பிழை இருந்தால் அந்த உதிரிபாகத்தைக் கழித்துவிடுவார்கள்" என்பார்கள். மற்றவர்களாகிய நமக்கோ அது கண்ணுக்குச் சட்டென்று தட்டுப்படாத அளவு.

2024 ஜூலை 28ஆம் நாள், பிரான்சின் சாத்தோரூ நகரில், பாரிஸ் ஒலிம்பிக்கின் மகளிர் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் இறுதிச் சுற்று நடைபெற்றது. 22 குண்டுகள் சுட்டு முடித்த வேளையில் நம் நாட்டின் மனு பாக்கர் எடுத்திருந்த புள்ளிகள் 221.7. தென்கொரியாவின் கிம் யே-ஜி எடுத்திருந்தவை 221.8. அந்த 0.1 புள்ளியால் வெள்ளி கைநழுவியது, வெண்கலம் கிடைத்தது. ஒலிம்பிக் துப்பாக்கி சுடுதலில் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் என்னும் சிறப்பும் அவரைச் சேர்ந்தது. இலக்கு அட்டையில் 0.1 புள்ளி என்பது 0.8 மில்லி மீட்டர். 22 குண்டுகளில் ஏதேனும் ஒன்று அந்த அளவு மையத்தை நெருங்கி விழுந்திருந்தால், இருவரும் சமநிலையில் நின்றிருப்பர்!

அந்த 0.8 மில்லி மீட்டரைப் பெற்றுத் தருவது எது? விலையுயர்ந்த கருவியா? பழகிய கையா? "ஏர் பிஸ்டல் கற்க வேண்டும்" என்று வந்து நிற்கும் பிள்ளைக்கு விடை சொல்ல வேண்டிய பெற்றோருக்கு இது வெறும் விளையாட்டுக் கேள்வியன்று. ஐரோப்பாவில் தயாராகும் போட்டித் துப்பாக்கி ஒன்றின் விலை இங்கே லட்ச ரூபாயைத் தாண்டும். மாதச் சம்பளக் குடும்பத்திற்கு அது ஓர் ஆண்டுச் சேமிப்பாகக்கூட இருக்கலாம். எனவே, கருவி செய்வது எது, கை செய்வது எது என்பதைப் பிரித்து அறிந்துகொள்வோம்.

விளையாட்டின் இலக்கணம்

ஏர் பிஸ்டல் என்பது வெடிமருந்து இல்லாத கைத்துப்பாக்கி. உருளையில் அடைக்கப்பட்ட காற்றின் அழுத்தம் 4.5 மில்லி மீட்டர் விட்டமுள்ள ஈயக் குண்டைத் தள்ளுகிறது. 1988ஆம் ஆண்டு சியோல் ஒலிம்பிக்கில் இப்போட்டி முதன்முதலாக இடம்பெற்றது. போட்டியாளர் 10 மீட்டர் தொலைவில் நின்று ஒரே கையால் சுட வேண்டும். தகுதிச் சுற்றில் 75 நிமிடங்களில் 60 குண்டுகள்.

இலக்கின் நடுவிலுள்ள பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லி மீட்டர். ஒரு சட்டைப் பொத்தானின் அளவுதான்! குண்டின் விளிம்பு அவ்வட்டத்தைத் தொட்டாலே பத்துப் புள்ளி கிடைக்கும். இறுதிச் சுற்றில் அந்தப் பத்தும் 10.0 முதல் 10.9 வரை நுணுக்கமாகப் பகுக்கப்படுகிறது.

கருவிக்கு இடப்பட்ட எல்லைகள்

பணமுள்ளவர் கருவியின் பலத்தால் வென்றுவிடாதபடி விதிகள் பல தடைகளை வைத்துள்ளன. துப்பாக்கியின் எடை 1500 கிராமுக்கு மேற்படக் கூடாது. நீளம் 420, உயரம் 200, அகலம் 50 மில்லி மீட்டர் கொண்ட பெட்டிக்குள் அது அடங்க வேண்டும். விசையை இழுக்கக் குறைந்தது 500 கிராம் விசை தேவைப்பட வேண்டும். இதைச் சோதிக்கும் முறை எளிது. குழலைச் செங்குத்தாக நிறுத்தி, விசையில் அரைக் கிலோ எடையைத் தொங்கவிடுவார்கள். எடையைத் தூக்கும்போது விசை விடுபட்டுவிட்டால் அந்தத் துப்பாக்கிக்கு அனுமதியில்லை. தொலைநோக்கிக் கண்ணாடிக்கும் லேசர் ஒளிக்கும் இடமே கிடையாது. பார்வைக் குறைவுக்கான கண்ணாடியை அணிந்துகொள்ளலாம். மணிக்கட்டு எவ்விதத் தாங்கலுமின்றி வெளியே தெரிய வேண்டும். சுடும் கையில் கைக்கடிகாரமோ வளையலோ கூடாது. கணுக்காலை மூடும் உயர்ந்த காலணிக்கும் அனுமதியில்லை.

அப்படியானால் உயர்ந்த விலைக்குக் கிடைப்பதுதான் என்ன? ஒவ்வொரு முறையும் ஒரே சீராகச் செயல்படும் விசை, கைக்கேற்பச் செதுக்கிக்கொள்ளத்தக்க மரக் கைப்பிடி, நுட்பமாகத் திருகி அமைக்கத்தக்க குறிகள். இவை வேண்டியவையே. ஆனால், இவற்றின் அருமை ஓராண்டுப் பயிற்சிக்குப் பிறகே கைக்குப் புலப்படும். தொடக்கத்தில் கழகத்தின் துப்பாக்கியே போதும். பெற்றோர் முதலில் வாங்கத் தக்கவை காதடைப்பானும், அடி தட்டையான உறுதியான காலணியும்தான்.

பேணாத கருவி பகையாகும்

கருவியை அலட்சியம் செய்யலாம் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில், தகுதிச் சுற்றின் நடுவே மனு பாக்கரின் துப்பாக்கி பழுதாயிற்று. அதைச் சரிசெய்வதில் விலைமதிப்பற்ற நிமிடங்கள் கரைந்தன. எஞ்சிய குண்டுகளை விரைந்து சுட வேண்டிய நெருக்கடியிலும் அவர் 575 புள்ளிகள் எடுத்தார். இறுதிச் சுற்றுக்குத் தேவைப்பட்டவை 577. இரண்டே புள்ளிகள்! மூன்றாண்டுகள் கழித்து அவர் பெற்ற இரண்டு பதக்கங்களின் பெருமை இந்தப் பின்னணியில்தான் முழுமையாக விளங்கும்.

ஆகவே, திருகுகள் தளர்ந்துள்ளனவா என்று பார்ப்பதும், காற்று உருளையின் அழுத்தத்தையும் அதில் பொறித்துள்ள காலக்கெடுவையும் கவனிப்பதும் அன்றாடக் கடமைகள். தையல் இயந்திரத்திற்கு எண்ணெய் விட்டுத் துடைத்து வைக்கும் நம் தாய்மார்களுக்கு இந்தப் பாடம் புதிதன்று.

கண் எங்கே நிற்க வேண்டும்?

இனி, கையின் வித்தைக்கு வருவோம். துப்பாக்கியின் பின்புறத்தில் சதுரமாக வெட்டிய ஒரு பள்ளம் இருக்கும், அது பின்குறி. முன்முனையில் நிமிர்ந்து நிற்கும் சிறு தகடு முன்குறி. பள்ளத்தின் நடுவே தகடு நிற்க வேண்டும். இரு பக்கமும் சமமான ஒளிக்கீற்று தெரிய வேண்டும். மேல்விளிம்புகள் ஒரே மட்டமாக அமைய வேண்டும்.

புதிதாகச் சுடுபவர் இலக்கையே உற்றுப் பார்ப்பார். அங்கேதான் பிழை பிறக்கிறது! முன்குறிக்கும் பின்குறிக்கும் உள்ள இடைவெளி ஏறத்தாழ 33 சென்டி மீட்டர். இலக்கோ 10 மீட்டர் தொலைவில், அதாவது முப்பது மடங்கு தூரத்தில் உள்ளது. முன்குறி பள்ளத்துக்குள் ஒரு மில்லி மீட்டர் விலகினால், குண்டு இலக்கில் 30 மில்லி மீட்டர் விலகிவிடும். பத்துப் புள்ளி ஏழாகச் சரிந்துவிடும். மாறாக, இரு குறிகளும் சரியாகப் பொருந்தியிருக்க, கை முழுவதும் 5 மில்லி மீட்டர் ஒரு பக்கம் நகர்ந்தால், குண்டும் அதே 5 மில்லி மீட்டர்தான் நகரும். அப்போதும் அது பத்துப் புள்ளிக்குள்ளேயே விழும்.

எனவேதான், "கண் முன்குறியில் நிற்கட்டும், இலக்கு மங்கலாகவே தெரியட்டும்" என்று பயிற்சியாளர்கள் கூறுகின்றனர். கை சற்று ஆடுவது மனித இயல்பு. உலக வீரர்களின் கையும் ஆடத்தான் செய்கிறது. அந்த ஆட்டத்தை ஏற்றுக்கொண்டு, குறிகளின் பொருத்தத்தை மட்டும் காப்பாற்றுபவரே வெல்கிறார்.

விரலின் ஒழுக்கம்

பொருத்திய குறிகளைக் கலைத்துவிடும் முதல் எதிரி ஆட்காட்டி விரல். "இதோ, நடுவில் வந்துவிட்டது!" என்று மனம் துள்ளும் கணத்தில் விரல் வெடுக்கென்று இழுத்தால், துப்பாக்கியின் முனை சாய்ந்துவிடும். விசையை நேர் பின்னோக்கி, மெல்ல மெல்லக் கூடிவரும் அழுத்தத்துடன் இழுக்க வேண்டும். குண்டு புறப்படும் கணம் சுடுபவருக்கே சற்று எதிர்பாராததாக இருப்பது நலம். குண்டு போன பின்னும் ஓரிரு நொடிகள் அதே நிலையில் நின்று, குறிகளையே பார்த்திருக்க வேண்டும்.

கையை உயர்த்தி, இலக்கின் கீழ்ப்பகுதியில் இறக்கி நிறுத்திய பின், சில நொடிகளுக்குள் குண்டு புறப்பட்டுவிட வேண்டும். காலம் நீண்டால் கண் களைக்கும், கை நடுங்கும். அப்போது கையைத் தாழ்த்தி, மூச்சு வாங்கி, மறுபடியும் தொடங்க வேண்டும். சுடாமல் கையை இறக்கத் தெரிந்தவரே தேர்ந்தவர் எனலாம். இளம் பிள்ளைகளுக்கு மிகக் கடினமான பாடமும் இதுவே!

நிற்கும் நிலைக்கும் ஓர் எளிய சோதனை உண்டு. கண்களை மூடிக் கையை உயர்த்தி, பிறகு திறந்து பாருங்கள். துப்பாக்கி இலக்கின் இடப்புறமோ வலப்புறமோ நின்றால், கையைத் திருப்பாதீர்கள். பின்காலைச் சற்று நகர்த்தி உடலையே திருப்புங்கள். உடல் இயல்பாக எங்கே நோக்குகிறதோ அங்கேதான் குண்டும் செல்லும்.

இப்பயிற்சிகளில் பெரும்பகுதிக்குக் குண்டே தேவையில்லை. குண்டில்லாத துப்பாக்கியை வெள்ளைச் சுவருக்கு நேரே நீட்டி, குறிகளைப் பொருத்தி, விசையை இழுத்துப் பழகுவது உலக வீரர்களும் அன்றாடம் செய்யும் பயிற்சி. துப்பாக்கி இல்லாத நாளில், ஒரு லிட்டர் தண்ணீர் நிறைந்த பாட்டிலைக் கையில் பிடித்து நீட்டி நிற்கலாம். ஏர் பிஸ்டலின் எடையும் ஏறத்தாழ ஒரு கிலோதான்.

ஒரு புகைப்படம் சொன்ன பாதி உண்மை

பாரிஸ் ஒலிம்பிக்கின் கலப்பு இரட்டையர் போட்டியில் துருக்கியின் யூசுஃப் டிகெச், ஷெவ்வால் இலய்தா தர்ஹானுடன் இணைந்து வெள்ளி வென்றார். அப்போட்டியில் வெண்கலம் நம் மனு பாக்கர், சரப்ஜோத் சிங் இணைக்குக் கிடைத்தது. ஒரு கை காற்சட்டைப் பையில், சாதாரண மூக்குக் கண்ணாடியுடன் 51 வயதான டிகெச் நின்ற படம் உலகெங்கும் பரவியது. "எந்தக் கருவியும் இல்லாமல் வந்து வென்றுவிட்டார்" என்று பலரும் வியந்தனர்.

அது பாதி உண்மையே. அவர் காதடைப்பான் அணிந்திருந்தார். கையிலிருந்தது முறையான போட்டித் துப்பாக்கி. பையில் கை வைப்பதும் அலட்சியமன்று. உடல் ஆடாதிருக்க ஏர் பிஸ்டல் வீரர்கள் பலரும் கைக்கொள்ளும் முறை அது. 2008 பீஜிங் ஒலிம்பிக்கிலேயே களம் கண்டவர் அவர். அந்த எளிமைக்குப் பின்னால் நிற்பவை இருபதாண்டு உழைப்பின் நாட்கள்.

நம் வீட்டுப் பெண்மக்களுக்கு

ரைபிள் போட்டியைப் போல இறுக்கமான தனி உடை இதற்குத் தேவையில்லை. ஈரானின் ஹானியே ரொஸ்தமியான் தலையை மறைத்த உடையுடனேயே டோக்கியோவிலும் பாரிஸிலும் கைத்துப்பாக்கிப் போட்டிகளில் பங்கேற்றார். சுடும் கையின் மணிக்கட்டு தெரியுமாறு சட்டைக்கையைச் சற்று மேலேற்றிக்கொண்டால் போதும். 2021 மார்ச்சில் டெல்லியில் நடந்த உலகக் கோப்பையில் மகளிர் ஏர் பிஸ்டல் அணிக்குத் தங்கம் வென்ற மூவருள் ஒருவர் தமிழ்நாட்டின் ஸ்ரீ நிவேதா. அதே உலகக் கோப்பையில் தங்கம் வென்ற ஆடவர் அணியில், மீரட் பகுதியைச் சேர்ந்த ஷஹ்ஸார் ரிஸ்வி இடம்பெற்றிருந்தார்.

சட்டமும் பாதுகாப்பும்

4.5 மில்லி மீட்டர் குழல் விட்டத்திற்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் உட்பட்ட காற்றுத் துப்பாக்கிகளுக்கு, 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. போட்டி ஏர் பிஸ்டலின் ஆற்றல் ஏறத்தாழ 6 ஜூல்தான். ஆயினும், கண்ணைப் பறிக்க அது போதும்! வெடிமருந்தால் இயங்கும் .22 துப்பாக்கிக்கு உரிமம் கட்டாயம்.

எனவே, சில கட்டளைகளை மனத்தில் பதியுங்கள். துப்பாக்கியில் குண்டு இருப்பதாகவே எப்போதும் கருதுங்கள். இலக்கைத் தவிர வேறெங்கும் முனை திரும்பக் கூடாது. சுடும் கணம் வரை விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும். வீட்டில் பூட்டிய பெட்டியில் வையுங்கள். குண்டுகளை வேறிடத்தில் வையுங்கள். குண்டு ஈயத்தால் ஆனது. ஆகவே, பயிற்சி முடிந்ததும் சோப்பிட்டுக் கை கழுவாமல் உணவைத் தொடக் கூடாது. சின்னஞ்சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் இதில் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

முடிவாக

அன்பர்களே! செம்பரம்பாக்கத்திலிருந்து சென்னை எட்டாத தொலைவில் இல்லை. எழும்பூர் பழைய காவல் ஆணையர் அலுவலக வளாகத்தில் சென்னை ரைபிள் கிளப் உள்ளது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடைபெற்ற கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகளின் துப்பாக்கி சுடும் போட்டிகளுக்கு, வேளச்சேரி குருநானக் கல்லூரியின் சுடுதளம் களமாயிற்று. பிள்ளை ஆசைப்பட்டால், முதல் நாளே கடன் வாங்கித் துப்பாக்கி வாங்காதீர்கள்; "ஆயுதம் நமக்கெதற்கு?" என்று முதல் சொல்லிலேயே மறுத்தும் விடாதீர்கள். கழகம் ஒன்றுக்கு நீங்களே அழைத்துச் சென்று, அரை நாள் அமர்ந்து பாருங்கள். அங்கே காணப்போவது ஆரவாரத்தையன்று. மூச்சை அடக்கி, பொறுமையைப் பழகி, சரியில்லாத வேளையில் கையைத் தாழ்த்திக்கொள்ளும் பிள்ளைகளைத்தான்.

ஆறு மாதம் கழகத் துப்பாக்கியில் பழகட்டும். கையை இறக்கித் திரும்பத் தொடங்கும் பொறுமை பிள்ளைக்கு வந்துவிட்டதா என்று கவனியுங்கள். வந்துவிட்டதென்றால், அதற்குப் பிறகு வாங்கும் கருவி வீண்போகாது. அந்தப் பொறுமை பதக்கம் தராவிட்டாலும், பள்ளியிலும் பட்டறையிலும் இல்லறத்திலும் அப்பிள்ளைக்குக் கைகொடுக்கும். சிந்தித்து முடிவெடுப்பீர்களாக!